நாகர்கோவிலில் எட்டு வார மென்பொருள் இன்டர்ன்ஷிப்: தேடினால் கிடைக்காத ஊர்ப்பெயர்

குலசேகரம்_மாணவி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் கணினிப் பொறியியல் இறுதியாண்டு மாணவி. சென்ற மே மாதக் கடைசி வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை, நாகர்கோவிலில் 14 பேர் மட்டுமே வேலை செய்யும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்தேன். சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் ஊரிலேயே செய்தால் அதற்கு மதிப்பு உண்டா என்று எனக்குப் பின்னால் வரும் வகுப்பினர் பலர் கேட்கிறார்கள். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் கேட்க வேண்டாம். வெளியில் சொல்வதில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறேன்.

அந்நிறுவனம் ரப்பர் பால், அதை உறையவைத்துக் காயவைத்த ஷீட், சிரட்டையில் ஒட்டி உறைந்த ஒட்டுப்பால் ஆகியவற்றை வாங்கும் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. ஒருவர் கொண்டுவரும் பாலின் எடை, அதன் டிஆர்சி, அதாவது பாலில் உள்ள உலர் ரப்பரின் விகிதம், அன்றைய விலை, அவர் ஏற்கெனவே வாங்கியிருக்கும் முன்பணம் எல்லாம் அதில் பதிவாகும். என் அப்பா பால் வெட்டும் தொழிலாளி. டிஆர்சி என்ற சொல்லை நான் ஜாவா, பைத்தான் என்ற சொற்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே கேட்டிருக்கிறேன். நேர்காணலில் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம் என்று பிற்பாடு எங்கள் குழுவின் மூத்த பொறியாளர் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

முதல் வாரம் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. மென்பொருளை என் கணினியில் ஓட வைப்பதற்கே மூன்று நாள் ஆயிற்று. கல்லூரியில் நான்கு பேர் சேர்ந்து செய்த புராஜெக்டை ஜிப் கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டவர்கள் நாங்கள். பலர் சேர்ந்து எழுதும் நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியைத் தேர்வுக்காகப் படித்திருந்தேனே தவிர, ஒரே கோப்பை இரண்டு பேர் மாற்றினால் என்ன ஆகும் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் வாரம் நான் அனுப்பிய முதல் மாற்றம் 40 வரிகூட இருக்காது. அக்கா அதில் 23 இடங்களில் கருத்து எழுதியிருந்தார். அன்று பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது அழுகை வந்தது உண்மை. மறுநாள் காலையில் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தபோது, அவற்றுள் ஒன்றுகூட என்னைப் பற்றியது அல்ல என்பதும், அந்தக் கோப்பை ஆறு மாதம் கழித்துத் திறக்கப்போகும் யாரோ ஒருவரின் சார்பில் கேட்கப்பட்ட கேள்விகள் அவை என்பதும் புரிந்தது.

மூன்றாம் வாரம் எனக்கென்று ஒரு புகாரைக் கொடுத்தார்கள். 'நாகர்கோவில் என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள்' என்று ஒரு கடைக்காரர் தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். நான் முதலில் பெயரின் முன்னும் பின்னும் வெற்றிடம் இருக்கும் என்று நினைத்து அதை நீக்கிப் பார்த்தேன். பிறகு திரையில் தெரியும் பெயரை நகல் எடுத்துத் தேடினேன், வந்தது. நானே தட்டச்சு செய்து தேடினேன், வரவில்லை. இரண்டு நாள் இப்படியே போயிற்று. கடைசியில், இரண்டு பெயர்களின் நீளத்தையும் அச்சிட்டுப் பார்க்கும்படி அக்கா சொன்னார். ஒன்று 11, இன்னொன்று 12.

கண்ணுக்கு இரண்டும் ஒரே 'நாகர்கோவில்' தான். நாம் ஆறு எழுத்து என்று எண்ணுவதைக் கணினி 11 குறிகளாக வைத்திருக்கிறது. ஏனெனில் புள்ளியும், கால், கொம்பு, விசிறி போன்ற குறிகளும், எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் தனித்தனி. இதில் 'கோ' என்பதை இரண்டு வழியில் எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரத்திற்கென உள்ள ஒரே குறியை இடலாம். அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தரவுத்தளமோ அவற்றை வெவ்வேறு சொற்களாகவே ஒப்பிடும். எங்கள் மாவட்டத் தலைநகரின் பெயரே இரண்டாகப் பிரிந்து கிடந்திருக்கிறது. கோணம், தோவாளை, கொட்டாரம், கொல்லங்கோடு எல்லாவற்றுக்கும் அதே கதி; குளச்சலுக்கும் தக்கலைக்கும் மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

காரணம் பழையது. கடைக்காரர்கள் முன்பு எக்செல் கோப்பில், யூனிகோடு முறையில் அமையாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் பெயர்ப்பட்டியல் வைத்திருந்தார்கள். அந்த எழுத்துருவில் காகிதத்தில் எழுதும் வரிசைப்படியே முதலில் கொம்பு, பிறகு எழுத்து, பிறகு கால் என்று தட்டுவார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றிய கருவி, முன்னால் இருந்த கொம்பை எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, காலை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்கள் கைப்பேசியில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றில் ஒரே குறி.

தீர்வு எளிதுதான். இரண்டு வடிவங்களும் ஒன்றே என்று யூனிகோடு வரையறுத்திருக்கிறது. அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறையும் உண்டு. பைத்தானில் அதற்கு ஒரே ஒரு வரி. அதை எழுதி, தரவுத்தளத்தின் நகல் ஒன்றில் ஓட்டினேன். பாதியில் நின்றுவிட்டது. ஒரே கடையில் ஒரே பெயரும் ஒரே ஊரும் இரண்டு முறை வரக்கூடாது என்ற விதி தரவுத்தளத்தில் இருந்தது. இதுவரை வெவ்வேறாகத் தெரிந்த பெயர்கள் நான் சீராக்கியதும் ஒன்றாகி முட்டிக்கொண்டன. நானோ ஒவ்வொரு பதிவையும் மாற்றியவுடனேயே உறுதி செய்யும்படி எழுதியிருந்தேன். ஆகவே பாதி மாறியும் பாதி மாறாமலும் நகல் கெட்டுப்போனது. நகலாக இருந்ததால் தப்பித்தேன். எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைக்க வேண்டும், ஒன்று தவறினால் அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பது நான்காம் பருவத்தில் பதினாறு மதிப்பெண் வினாவாக நான் எழுதிய விடை.

அப்படி முட்டியவை 47 இணைகள். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கா, ஒரே பெயருள்ள இரண்டு ஆட்களா என்பது நிரலுக்குத் தெரியாது. ஒரு கணக்கில் முன்பணம் பாக்கி இருக்கும், இன்னொன்றில் பால் விலை வரவு இருக்கும். தவறாக இணைத்தால் ஒருவருடைய கடன் இன்னொருவர் தலையில் விழும். நம் ஊரில் செல்வராஜும் தங்கராஜும் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை, தொலைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கின் கடைசி இலக்கங்களையும் ஒப்பிட்டு, மிச்சத்துக்குக் கடைக்காரர்களையே அழைத்து, 'காட்டுவிளை செல்வராஜா, புத்தன்விளை செல்வராஜா' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஜூன் மழையில் பல தோட்டங்களில் வெட்டு நின்றிருந்ததால் கடைகளில் கூட்டம் இல்லை. நிறுவனமும் அதற்காகவே இந்த வேலையை ஜூனுக்குத் தள்ளி வைத்திருந்ததாம். 38 இணைகள் ஒரே ஆள், 6 இணைகள் வெவ்வேறு ஆட்கள். 3 இணைகள் முடிவாகவில்லை.

இன்டர்ன்ஷிப் என்றால் புதிதாக ஒரு செயலியை உருவாக்குவது என்று நினைத்துப் போனேன். எட்டு வாரத்தில் நான் எழுதி நிலைத்த நிரல் 300 வரி இருந்தால் அதிகம். உங்கள் அனுபவம் என்ன?

கழக்கூட்டம்_பயணி

நன்றாக எழுதியிருக்கிறாய், தங்கச்சி. நான் குழித்துறைக்காரன். ஒன்பது ஆண்டுகளாகத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை செய்கிறேன். 1990-இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்பப் பூங்கா அது. நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதிப் பிள்ளைகளுக்கு நாகர்கோவிலைவிட அதுதான் பழக்கமான திசை. காலையில் ரயிலில் ஏறினால் பாறசாலை தாண்டியதும் பாதிப் பெட்டி மலையாளத்துக்கு மாறிவிடும்.

என் இன்டர்ன்ஷிப்பும் இது போன்ற ஒரு பிழையில்தான் கழிந்தது. மீன் ஏலக் கணக்கு வைக்கும் செயலி அது. சில ஏலங்கள் மட்டும் முந்தைய நாள் கணக்கில் விழுகின்றன என்று புகார் வந்தது. சர்வர் உலகப் பொது நேரத்தை வைத்து நாளைக் கணக்கிட்டது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. ஆகவே அதிகாலை 5.30-க்கு முன்னால் முடிந்த ஏலம் ஒவ்வொன்றும் அந்த சர்வருக்கு நேற்றைய ஏலம். எழுதியவர்களுள் ஒருவராவது விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. உனக்கு டிஆர்சி தெரிந்திருந்தது போல, எனக்கு ஏலம் எத்தனை மணிக்கு நடக்கும் என்பது தெரிந்திருந்தது. நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

ஒரு கேள்வி. உன் நிரலை அந்த அக்கா தவிர வேறு யாராவது படித்தார்களா? நான் இப்போது பயிற்சி மாணவர்களை நேர்காணல் செய்யும்போது, எந்த நிறுவனம் என்று கேட்பதைவிட, உன் நிரலை யார் படித்தார்கள், என்ன சொன்னார்கள் என்றுதான் கேட்கிறேன். பதில் வராவிட்டால் மேற்கொண்டு கேட்க எனக்கு ஒன்றும் இருப்பதில்லை.

மூன்றாமாண்டு_தக்கலை

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. தவறாக எண்ண வேண்டாம். நானும் இதே கோடையில் இன்டர்ன்ஷிப் செய்தேன் என்று சான்றிதழ் வைத்திருக்கிறேன். அதற்கு 6,000 ரூபாய் கட்டினேன். முதல் நாள் ஒரு கூட்டத்தில் அறுபது பேரை உட்கார வைத்து இணையதளம் செய்வது எப்படி என்று பேசினார்கள். பிறகு காணொளிகளின் இணைப்பை அனுப்பினார்கள். நான்காம் வாரம் 'உங்கள் புராஜெக்ட்' என்று ஏற்கெனவே முடிக்கப்பட்ட ஒரு நிரலைக் கொடுத்து, தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். என் தலைப்பு நூலக மேலாண்மை. என் அருகில் இருந்தவனுக்கும் அதேதான். பிறகு அவன் அதை மருத்துவமனை மேலாண்மை என்று மாற்றிக்கொண்டான். அவன் சமர்ப்பித்த அறிக்கையில் ஒரு பக்கத்தில் நோயாளிக்குத் தாமதக் கட்டணம் விதித்திருந்தது.

எங்கே என்று சொல்லப் போவதில்லை. இப்படி நான்கைந்து இடங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். வேறு வழி தெரியாமல்தான் போனோம் என்பதையும் எழுதி வைக்கிறேன். நான் மின்னஞ்சல் அனுப்பிய 31 இடங்களில் இரண்டிலிருந்துதான் பதில் வந்தது, இரண்டும் மறுப்பு. அக்கா, உங்களுக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது?

கணினித்துறை_ஆசிரியை

நான் மாவட்டத்தில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். தக்கலைத் தம்பி எழுதியதை மறுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு வகுப்பில் 60 பேருக்கும் நான்கு வாரப் பயிற்சி முடிந்ததாகச் சான்றிதழ் இந்தத் தேதிக்குள் வேண்டும் என்று நாங்கள் சுற்றறிக்கை அனுப்புகிறோம். 60 பேருக்கு உண்மையான வேலை கொடுக்கும் அளவுக்கு மென்பொருள் நிறுவனங்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். தேவையை நாங்கள் உருவாக்குகிறோம். சான்றிதழ் விற்பவர் அதை நிறைவு செய்கிறார்.

மதிப்பீட்டு நாளில் நடப்பதையும் சொல்கிறேன். இந்த மாணவியைப் போல ஒருவர் வந்து, எட்டு வாரம் பெயர்களைச் சீராக்கினேன் என்று சொன்னால், புறத்தேர்வாளர் 'இதில் புதுமை எங்கே, செயற்கை நுண்ணறிவு எங்கே' என்று கேட்பார். அடுத்து வருபவர் யாரோ செய்து கொடுத்த முக அடையாள வருகைப்பதிவைக் காட்டிக் கூடுதல் மதிப்பெண் பெறுவார். இதை நான் இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு முறை வாதாடினேன், ஒரு முறை பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது எங்கள் துறையில் மட்டும் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். அறிக்கையோடு, ஒவ்வொரு நாளும் எதில் மாட்டிக்கொண்டேன் என்று மாணவர் எழுதிய நாட்குறிப்பையும் கேட்கிறோம். சும்மா இருந்தவர் அதைப் புனைந்து எழுதுவது கடினம். புனைந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்றை வெற்றிகரமாக முடித்ததாகவே எழுதுகிறார்கள்.

பணம் கட்ட வேண்டிய தேவையே இல்லை என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் அந்தக் காணொளிகளைவிட நல்ல பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவை இன்டர்ன்ஷிப்புக்கு ஈடல்ல. ஆனால் அவற்றை இன்டர்ன்ஷிப் என்று யாரும் பெயர் மாற்றி விற்பதில்லை.

நேர்பேச்சு

எல்லோரும் பாராட்டுகிறீர்கள், நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன். இந்தப் பிழையை ஏதாவது ஓர் ஏஐ கருவியிடம் கேட்டிருந்தால் பத்து நொடியில் விடை வந்திருக்கும். இரண்டு நாள் வெற்றிடத்தை நீக்கிக்கொண்டிருந்ததைப் பெருமையாக எழுதுவதில் என்ன இருக்கிறது? மூன்று வாரம் தொலைபேசியில் விளை விளையாக விசாரித்தது கணக்கப்பிள்ளை வேலை. மென்பொருள் பொறியியல் அல்ல. உங்களைக் குறைந்த கூலிக்கு எழுத்தர் வேலை வாங்கியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மாதம் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

குலசேகரம்_மாணவி

ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன்.

கழக்கூட்டம் அண்ணனுக்கு: அக்காவைத் தவிர இன்னொருவரும் படித்தார். பணக் கணக்கைத் தொடும் மாற்றம் எதுவானாலும் இருவர் படித்து ஒப்ப வேண்டும் என்பது அங்கே விதி. அந்த இரண்டாமவர் அதிகம் பேசமாட்டார். இணைகளைச் சேர்க்கும் என் நிரலைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி எழுதினார்: 'தவறாகச் சேர்த்துவிட்டால் எப்படிப் பிரிப்பாய்?' என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் கூடுதலாக ஆனதற்கு அந்தக் கேள்விதான் காரணம். ஒவ்வோர் இணைப்புக்கும் முன்னிருந்த நிலையைத் தனி அட்டவணையில் வைத்து, பின்னாளில் பிரிக்க வழி செய்தேன். ஜூலையில் ஓர் இணையைப் பிரிக்கவும் நேர்ந்தது. நான் சொன்ன 38, 6, 3 என்ற கணக்கு அதற்குப் பிந்தையது.

தக்கலைத் தம்பிக்கு: எனக்கும் மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. எங்கள் ஊரில் அப்பா பால் கொடுக்கும் கடையில் இந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. ரசீதின் அடியில் இருந்த எண்ணுக்கு நானே அழைத்து, ரசீதில் டிஆர்சி சில நாள் இரண்டு தசம இடத்திலும் சில நாள் ஒரு இடத்திலும் வருகிறது என்று சொன்னேன். 'யார் பேசுகிறீர்கள்' என்று கேட்டார்கள், மாணவி என்றேன். நேரில் வரச் சொன்னார்கள். இதை எல்லோருக்கும் வழியாகச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும்.

நேர்பேச்சு அவர்களுக்கு: மாதம் 5,000 ரூபாய் கொடுத்தார்கள். அதிகமில்லை. ஏஐ கருவியிடம் நான் கேட்கவில்லை என்று ஏன் நினைத்தீர்கள்? முதல் நாளே கேட்டேன். 'தேடல் வேலை செய்யவில்லை' என்று கேட்டதற்கு, வெற்றிடத்தை நீக்கு, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார் என்று அதுதான் சொன்னது. தமிழில் ஏது பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்? நீளம் 11, 12 என்று கண்ட பிறகு அதையே சொல்லிக் கேட்டேன். நீங்கள் சொன்னபடி உடனே சரியான விடை வந்தது. எனக்குத் தெரியாமல் இருந்தது விடை அல்ல, கேள்வி.

எழுத்தர் வேலை என்பது பற்றி எனக்கும் அப்போது அதே எண்ணம் இருந்தது. ஆனால் அந்த 47 இணைகளை விட்டுவிட்டு நிரலை மட்டும் கொடுத்திருந்தால், தேடல் சரியாகியிருக்கும்; யாரோ ஒரு செல்வராஜ் வாங்காத கடனுக்கு அவர் கூலியிலிருந்து பிடித்திருப்பார்கள். அது என் அப்பாவாகவும் இருந்திருக்கலாம். அந்த வேலையை வேறொருவருக்குத் தள்ளியிருக்க வேண்டும் என்கிறீர்களா?

நேர்பேச்சு

கேள்வி, விடை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். கூலி குறைவு என்பதை ஏற்க மாட்டேன். இரண்டு பேர் உட்கார்ந்து படிக்கும் அளவுக்கு முக்கியமான வேலை என்றால், அதற்கேற்ற ஊதியம் கொடுக்க வேண்டும்.

கழக்கூட்டம்_பயணி

அதில் நான் நேர்பேச்சு பக்கம். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வாரத்தில் ஒரு பயிற்சி மாணவருக்காக மூத்தவர் ஒருவர் இழக்கும் நேரம், அந்த மாணவர் செய்து கொடுக்கும் வேலையைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். 23 கருத்து எழுத அந்த அக்காவுக்கு ஒரு முழு மாலை போயிருக்கும். தானே எழுதியிருந்தால் அரை மணி நேரம். வீட்டிலிருந்தே, நல்ல உதவித்தொகையோடு செய்ய நினைப்பவர்கள், திறமூல மென்பொருள் குழு ஒன்றோடு சேர்ந்து நிரல் எழுதும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் பக்கம் பார்க்கலாம். 2005 முதல் நடக்கிறது, 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களுக்கும் திறந்திருக்கிறது. ஆனால் விண்ணப்பத்துக்குப் பல வாரம் முன்பே அந்தத் திறமூலக் குழுவோடு பழகி, சிறு பிழைகளைத் திருத்திக் கொடுத்திருக்க வேண்டும். நீ ரசீதைப் பார்த்து அழைத்தாயே, அதே போன்றதுதான்.

அச்சுக்கோப்பு_வடசேரி

மக்களே, நான் மென்பொருள்காரன் அல்லன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வடசேரியில் டிடிபி கடை, அதாவது கணினியில் அச்சுக்கோக்கும் கடை, வைத்திருக்கிறேன். திருமண அழைப்பிதழும் கோயில் கொடை நோட்டீசும் பாமினியில் அடித்தே விரல் தேய்ந்தவன். உங்கள் கொம்பும் காலும் பிரிந்த கதைக்கு நானும் ஒரு குற்றவாளியாக இருக்கலாம். ரப்பர் கடைக்காரர்கள் சிலருக்குப் பெயர்ப்பட்டியல் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் ஒன்றைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. கொகரத்துக்கும் கோகாரத்துக்கும் நீங்கள் செய்தது சரி. கௌகாரத்துக்கு அது போதாது. 'கௌரி' என்பதை எங்கள் தொழிலில் பாதிப் பேர் ஒற்றைக் கொம்பு, க, பிறகு ளகர எழுத்து என்று அடிப்போம்; 'கெளரி' என்று வரும். அச்சில் வேறுபாடு தெரியாது. ஆனால் அந்த ள உண்மையான ளகரம். ஔகாரத்தின் சிறகு அல்ல. யூனிகோடு அவற்றை ஒன்று என்று சொல்வதில்லை. அப்படிச் சொல்லவும் முடியாது. ஏனெனில் 'கெளிறு' என்று ஒரு மீன் இருக்கிறது. அதைக் 'கௌறு' பக்கம் தள்ளிவிட முடியாதல்லவா? கௌசல்யா, சௌந்தர், மௌனிகா எல்லோரையும் ஒரு முறை தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, இணையதளங்களிலிருந்து நகல் எடுத்து ஒட்டும் பெயர்களில் கண்ணுக்கே தெரியாத அகலமற்ற குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றையும் உங்கள் சீராக்கம் நீக்காது. நானே ஓர் அழைப்பிதழில் மணமகன் பெயர் வரிசையில் வராமல் ஒரு மணி நேரம் தேடியிருக்கிறேன்.

குலசேகரம்_மாணவி

ஐயா, உங்கள் பதிவைப் படித்தவுடன் வீட்டிலிருந்தே அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். தேடிப் பார்த்துவிட்டு, 'கௌ' என்று தொடங்கும் பெயர்களிலேயே பதினொன்று இரண்டு விதமாகவும் இருப்பதாகச் சொன்னார். எட்டு வாரம் இதே வேலையாக இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை. இருவர் படித்தும் அவர்களுக்கும் தோன்றவில்லை. மிக்க நன்றி.

எழுத்துக் கணக்கு பற்றிப் பேசுவதால், கடைசி வாரம் நான் செய்த இன்னொரு சிறு வேலையையும் இங்கே சொல்கிறேன். பால் கொடுத்தவருக்குக் கடையிலிருந்து தமிழில் ஒரு குறுஞ்செய்தி போகும். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழில் 70 தான். 70-ஐத் தாண்டினால் அது 67 இடங்கள் கொண்ட துண்டுகளாகப் பிரிந்து, இரண்டு செய்திக்கான கட்டணம் விழும். எங்கள் செய்தி 83 இடம். அதில் 'அன்புள்ள வாடிக்கையாளரே,' என்ற தொடக்கம் மட்டும் 24 இடத்தை எடுத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு 12 எழுத்து. கணினிக்கு 21 குறி, இரண்டு வெற்றிடம், ஒரு காற்புள்ளி. அதை எடுத்துவிட்டால் 59.

கடைக்காரர் ஒருவர் ஒப்பவில்லை. எடையையும் விலையையும் மட்டும் அனுப்பினால் மொட்டையாக இருக்கிறது, காலங்காலமாகப் பால் தருபவரிடம் இப்படியா பேசுவது என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. 'வணக்கம்' சேர்த்தால் 68 ஆயிற்று. எடை மூன்று இலக்கமாகி, தொகையிலும் இரண்டு இலக்கம் கூடினால் 70-ஐத் தாண்டிவிடும். கடைசியில் 'நன்றி' என்று முடித்தோம், 66. இந்த ஒரு சொல்லுக்காக மூன்று பேர் ஒரு பிற்பகல் முழுதும் பேசினோம். அதோடும் முடியவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைப்படி வணிகச் செய்திகளின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு சொல்லை மாற்றினாலும் மீண்டும் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் வந்தபோது என் பயிற்சி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

கணினித்துறை_ஆசிரியை

அந்த 83, 59, 68, 66 என்ற கணக்கை என் இரண்டாமாண்டு வகுப்பில் ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நம் மாணவர்களுள் பலர் சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், நீளம் என்றால் 'ஹலோ' என்ற ஆங்கிலச் சொல்லின் ஐந்தோடு நின்றுவிடுகிறார்கள். 'கன்னியாகுமரி' என்று கொடுத்தால் விடை 7 என்பாரும் 12 என்பாரும் 36 என்பாரும் இருப்பார்கள். எழுத்தாக எண்ணினால் ஏழு, யூனிகோடு குறியாக எண்ணினால் பன்னிரண்டு, யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது பிடிக்கும் பைட்டாக எண்ணினால் முப்பத்தாறு. மூன்றும் சரி.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலேயே சீராக்கும் வசதி இருக்கிறதே, ஏன் பைத்தானில் செய்தீர்கள்?

குலசேகரம்_மாணவி

அந்த வசதி 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு, மேடம். கடைகளில் ஓடிக்கொண்டிருந்தது 11. எட்டு வாரத்தில் அதைப் புதுப்பிக்க யாரும் துணியவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு_தகப்பன்_அருமனை

என் மகள் மூன்றாமாண்டு படிக்கிறாள். குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் எப்படிப் போய்வந்தீர்கள், மாலையில் எத்தனை மணிக்கு விட்டார்கள்? இதைத்தான் நாங்கள் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. டெக்னோபார்க் என்றால் விடுதி வேண்டும். அதற்கே மாதம் கணிசமாக ஆகும் என்கிறார்கள்.

குலசேகரம்_மாணவி

மாமா, காலை ஏழு மணிக்குக் கிளம்பித் தக்கலையில் மாறிப் போவேன். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. மழை நாளில் இரண்டு மணி நேரம். பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து வாய்த்த நாள்களில் செலவும் இல்லை. மாலை ஐந்து மணிக்கு விட்டுவிடுவார்கள். மழை கனத்த ஒரு வாரம் வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார்கள். ஆனால் எங்கள் வீட்டில் மின்சாரமும் இணையமும் மாறி மாறிப் போனதால் மூன்றாம் நாளே அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டேன். அங்கே பயிற்சியில் இருந்த மூவரில் இருவர் பெண்கள். உங்கள் மகளை என்னிடம் தனிச்செய்தியில் பேசச் சொல்லுங்கள்.

மூன்றாமாண்டு_தக்கலை

அக்கா, முடிவாகாத அந்த 3 இணைகள் என்ன ஆயின?

குலசேகரம்_மாணவி

ஒன்றில் தாத்தா காலமான பிறகு பேரன் அவர் கணக்கிலும் பால் கொடுத்து வந்திருக்கிறார். அவருக்குப் பெயரும் தாத்தாவுடையது, ஊரும் அதே ஊர். ஒரு கணக்கா இரண்டு கணக்கா என்பதை அந்தக் குடும்பமும் கடைக்காரரும் பேசி முடிவு செய்ய வேண்டும். நாங்கள் இரண்டையும் அப்படியே விட்டு, தேடினால் இரண்டும் வரும்படி மட்டும் செய்தோம். மற்ற இரண்டு இணைகளில் உள்ளவர்களைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. மழை விட்டு வெட்டுத் தொடங்கியதும் கடைக்கு வரும்போது கேட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அச்சுக்கோப்பு ஐயா சொன்ன கௌரி, கெளரி பிரச்சினையை அக்கா புதிய புகாராகப் பதிந்துவிட்டார். யாருக்கும் ஒதுக்கவில்லை; அடுத்த கோடையில் வரும் பயிற்சி மாணவருக்கென்று வைத்திருக்கிறாராம். தம்பி, மின்னஞ்சல் அனுப்பாதே. அந்தப் பதினொரு பெயர்களை எப்படிப் பிரித்தறிவாய் என்று ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு நேரில் போ. கெளிறு மீனை மறந்துவிடாதே.